வடகரையில் பெய்த மழையின் அளவு

மேலகரத்தில் வேல்விழி என்று இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருத்தி ஜவுளிக்கடைக்காரர் மகள். இன்னொருத்தியைத் தேடி வந்தால், "மழைக்காரி வீடா?" என்று கேட்டுவிட்டு ஏட்டு சுடலைமுத்துவின் வீட்டைக் கை காட்டுவார்கள். வயது இருபத்துமூன்று. கேரளத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் புவி இயற்பியலும் வானிலையியலும் சேர்ந்த முதுகலைப் படிப்பில் கடைசி வருடம். சேர்ந்த புதிதில் என்ன படிப்பு என்று தெருவில் கேட்டவர்களுக்கு, "பூமிக்குள்ள இருக்கதைப் பத்தியும் மழையைப் பத்தியும்" என்று சுருக்கிச் சொல்லிவைத்தாள். அன்று பிடித்தது வினை.

"ஏட்டி வேலு, வெள்ளிக்கிழமை மாடியில பந்தல் போடலாமா?"

"எங்க கொல்லையில எத்தனை அடியில தண்ணி கிடக்குன்னு சும்மா ஒரு பார்வை பாத்துச் சொல்லு தங்கம்."

"நிலநடுக்கம் வந்தா உனக்கு முன்கூட்டியே மெசேஜ் வருமாட்டி? வந்தா எங்களையும் எழுப்பி விடு. நீ மட்டும் ஓடிராத."

அவளும் சளைக்காமல் பதில் சொல்லுவாள். பந்தல் போடச் சொன்ன வெள்ளிக்கிழமை சாரல் கொட்டித் தீர்த்து, பெண்வீட்டார் சோற்றுப்பானையோடு கூடத்துக்குள் ஓடிய கதை இன்றும் தெருவில் ஓடுகிறது. அதற்கெல்லாம் அவள் வெட்கப்பட்டதில்லை. வெட்கப்பட வேண்டிய காரியம் ஒன்றை அவள் செய்தது போன ஆடி மாதத்தில். அதைப் பற்றி மேலகரத்தில் அதிகம் பேருக்குத் தெரியாது.

சுடலைமுத்துவுக்கு ஜூன் பிறந்தால் குற்றாலத்துப் பேரருவியில் டூட்டி. அருவிக்கு அடியில் ஆட்கள் நிற்கும் இடத்துக்கு மேலே ஒரு வளைவு இருக்கிறது. தண்ணீர் அந்த ஆர்ச்சைத் தாண்டி விழுந்தால் குளிக்கத் தடை. விசில் ஊதி, எண்ணெயும் சோப்புமாக நிற்கும் ஆயிரம் பேரைப் பத்து நிமிடத்தில் வெளியே கொண்டுவர வேண்டும். "சார், தலையில ஷாம்பு இருக்கு சார், ஒரு நிமிசம் சார்" என்று கெஞ்சுகிறவரைத் தோளைப் பிடித்து இழுத்துவரும் வேலை. ஒன்பது வயதில் வேல்விழி அப்பாவிடம் கேட்டாள்: "கீழ பொட்டு மழை இல்லையே, தண்ணி எங்கிருந்துப்பா வருது?"

"மேல பேஞ்சிருக்கும்."

"எவ்வளவு பேஞ்சிருக்கும்?"

"அதை எவன் போய் அளந்தான்? போய்ப் படிட்டி."

படித்தாள். இயற்பியல் பட்டம் முடித்ததும் எஸ்.ஐ. பரீட்சை எழுதச் சொன்னார் அப்பா. அவர் பக்கத்தில் மூன்று பேர் காவல்துறை, இரண்டு பேர் ராணுவம். வீட்டில் காக்கித் துணி இல்லாத கொடி கிடையாது. வேல்விழி யாருக்கும் சொல்லாமல் நுழைவுத்தேர்வு எழுதிவிட்டு, இடம் கிடைத்த பிறகு சொன்னாள். அம்மா வள்ளித்தாய்தான், "போகட்டும், மலைக்கு அந்தப் பக்கந்தானே" என்று பேசி முடித்தாள்.

முதல் பருவம் முழுக்கச் சம்மட்டி அடித்தாள். மைதானத்தில் இரும்புத் தகடு ஒன்றை வைத்து எட்டுக் கிலோ சம்மட்டியால் ஓங்கி அடிக்க வேண்டும். வரிசையாக மண்ணில் குத்திவைத்த கருவிகள் அந்த அதிர்வைக் கேட்கும். அது எத்தனை மில்லி நொடியில் வந்து சேர்ந்தது என்பதைக் கொண்டு, கீழே பாறை எத்தனை அடியில் என்று கணக்குப் போட வேண்டும். அடுத்த பருவம் பலூன். விடிகாலையில் மேலே அனுப்பிய பலூன் சொல்லும் வெப்பத்தையும் ஈரத்தையும் கோடாக வரைந்து, அன்று மேகம் எழும்புமா என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டு படிப்பும் ஏன் ஒரே துறையில் கிடக்கின்றன என்று ஒருத்தன் வகுப்பில் கேட்டான். பெலிக்ஸ் சார் நாகர்கோவில்காரர். "பூமிக்குள்ளயும் நம்மால போக முடியாது, மேகத்துக்குள்ளயும் போக முடியாது. கருவி சொல்றதைத்தான் கேக்கணும். அதனால ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி, கருவியை நம்புறது" என்றார். வகுப்பு சிரித்தது. வேல்விழி அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

இறுதியாண்டு ஆய்வுக்கு அவள் எடுத்தது சாரல். செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழையும் சாரல், கிழக்கே போகப் போக எப்படிக் குறைகிறது? குற்றாலம், வடகரை, மேலகரம், குத்துக்கல்வலசை என நான்கு இடங்களில் நான்கு மழைமானிகள். துறையின் கருவி அறையில் மிச்சமிருந்தவை நான்கே நான்குதான். அதில் ஒன்றின் புனல் மட்டும் வாய் அகலம். மலை அடிவாரத்தில் மழை அதிகம் என்று அதை வடகரைக்கு ஒதுக்கினாள். புனலில் விழுந்த தண்ணீரை அளக்கும் கண்ணாடி ஜாடிகள் நான்கையும் உடையாமல் செய்தித்தாளில் சுற்றி ஒரே பையில் போட்டுக்கொண்டு, மே மாதக் கடைசியில் ஒரே நாளில், ஒரே ஆட்டோவில், நான்கு இடத்துக்கும் கொண்டுபோய் வைத்தாள்.

தினமும் காலை எட்டரைக்கு அளக்க வேண்டும். ஜாடியைப் போட்டோ எடுத்து 'சாரல் கணக்கு' வாட்ஸப் குழுவில் போட வேண்டும். குற்றாலத்தில் லாட்ஜ் மேனேஜர் குற்றாலீஸ்வரன். கூட்டம் சேரும் சனி ஞாயிறுகளில் அவர் போட்டோ வராது. குத்துக்கல்வலசையில் ஓய்வுபெற்ற ராணுவக்காரர் பாண்டிராஜ். மழையே இல்லாத நாளிலும் பூஜ்யத்துக்கு ஆங்கிலத்தில் 'நில், மேடம்' என்று ராணுவத் தோரணையில் எழுதுவார். மேலகரத்தில் வள்ளித்தாய். வடகரையில் ஜன்னத்.

ஜன்னத்துக்கு முப்பத்தாறு வயது. கணவர் முகம்மது சலீம் வளைகுடா நாட்டில், தம்மாமில் ஏசி மெக்கானிக். ஜன்னத் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ஜாக்கெட்டும் சுடிதாரும் தைக்கிறாள். வள்ளித்தாய் பிறந்த ஊர் வடகரை. இன்றைக்கும் அவள் ஜாக்கெட் தைக்க ஜன்னத்திடம்தான் போவாள். "அவ டேப்பு வச்சா ஒரு நூல் பிசகாது" என்பாள். வேல்விழி கேட்டதும் ஜன்னத் யோசிக்கவே இல்லை. "அளக்கது தானே? துணியை அளந்தா என்ன, தண்ணிய அளந்தா என்ன?" என்று சிரித்தாள். ஜூன் ஒன்று முதல் ஒரு நாள் தவறவில்லை. எட்டரைக்குப் படம், எட்டு முப்பத்தொன்றுக்கு எண்.

ஜூலைக் கடைசியில், அவள் அனுப்பிய எண்களைப் பார்த்துவிட்டு, ஆய்வுக்கு வழிகாட்டியான பெலிக்ஸ் சார் போன் செய்தார்.

"வேல்விழி, வடகரைக்கும் மேலகரத்துக்கும் எத்தனை கிலோமீட்டர்?"

"பத்துக்குள்ள இருக்கும் சார்."

"பத்து கிலோமீட்டர்ல மழை அஞ்சு மடங்கு, ஆறு மடங்கு வித்தியாசமா? அடிவாரம், சரி, கொஞ்சம் கூடும். இவ்வளவு கூடாது. ஒண்ணு கருவி பொய் சொல்லுது, இல்லைன்னா ஆள் பொய் சொல்லுது. முதல்ல கருவியைப் பாரு."

முதல்ல கருவியைப் பாரு என்றார். இந்த ஒரு வரி பின்னால் எத்தனையோ முறை அவள் காதில் கேட்டது. அன்று மட்டும் கேட்கவில்லை. மேலகரத்தில் அளப்பது சொந்த அம்மா. அங்கே தப்பு இருக்க முடியாது. அப்படியென்றால் வடகரை. சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று அன்றைக்கே ரயில் ஏறினாள். ஏட்டு மகள் இல்லையா? கையும் களவுமாகப் பிடிப்பதுதான் விசாரணை என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

விடிகாலையில் செங்கோட்டையில் இறங்கி, பஸ் பிடித்து, எட்டே கால் மணிக்கு வடகரையில் ஜன்னத் வீட்டு வாசலில் நின்றாள். முந்தின நாள் பிடித்த சாரல் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. உள்ளே தையல் மிஷின் பக்கத்தில் ஒரு பெண் ஜாக்கெட்டுக்காகக் காத்திருந்தாள். "ஜன்னத் மேல இருக்கா" என்றாள். வேல்விழி செருப்பைக் கழற்றாமலே மாடிப்படி ஏறினாள்.

ஜன்னத் ஒரு பிளாஸ்டிக் மக்கைச் சாய்த்து, மழைமானியின் புனலுக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா பண்ணுதீங்க?"

ஜன்னத் திடுக்கிட்டுத் திரும்பினாள். "அல்லாவே! வேலுவா? எப்ப வந்த புள்ள? நல்லவேளை நீயே வந்துட்ட. இது என்னன்னா..."

"எத்தனை நாளா நடக்குது இது?"

"எது?"

"தண்ணி ஊத்துதது."

பக்கத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் கையில் துணியோடு அப்படியே நின்றார்கள். ஜன்னத் குரலைத் தாழ்த்தினாள். "கத்தாத புள்ள. ஆள் பாக்காங்க. கீழ வா, உள்ள உக்காந்து சொல்லுதேன்."

ஆள் பார்க்கிறார்கள் என்றதும் வேல்விழிக்குச் சந்தேகம் தீர்ந்துபோனது. குற்றம் செய்தவர்கள்தான் உள்ளே வா என்பார்கள். "என்னோட ரெண்டு வருசப் படிப்பு அக்கா இது! உங்களுக்கு என்ன விளையாட்டா? மழை பெய்யலேன்னா பெய்யலேன்னு போட வேண்டியதுதானே? யாரு உங்களைக் கூட்டிக் காட்டச் சொன்னா?" இன்னும் என்னென்னவோ சொன்னாள். கைப்பிடிச் சுவரில் மழைத்தண்ணீரோடு ஒரு பால்பவுடர் டின் இருந்தது, அதற்குள் தையல் டேப் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தாள். அது ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. மழைமானியைப் பிடுங்கி, ஜாடியைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். ஜாக்கெட்டுக்குக் காத்திருந்த பெண் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். ஜன்னத் படியின் பாதியில் நின்று, "வேலு, ஒரு வார்த்தை கேளு" என்றாள். அவ்வளவுதான். துரத்தி வரவில்லை.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் குழுவில் எழுதினாள்: 'வடகரை ரீடிங் எல்லாம் போலி. அந்த அக்கா தண்ணீர் ஊற்றியதை நானே கண்ணால் பார்த்தேன். இனி யாரும் தயவுசெய்து இப்படிச் செய்ய வேண்டாம். இது ஒரு மாணவியின் எதிர்காலம்.' பிறகு ஜன்னத்தைக் குழுவிலிருந்து நீக்கினாள்.

பாண்டிராஜ் அதைத் தன் பழைய ராணுவ நண்பர்கள் குழுவுக்கு, 'ஒழுக்கமில்லாத வேலை, பாருங்கள்' என்று அனுப்பினார். அந்தக் குழுவில் ஒரு வடகரைக்காரர் இருந்தார். மத்தியானத்துக்குள் அது வடகரைத் தெருக்கள் முழுக்கப் போய்விட்டது.

வீட்டில் வள்ளித்தாய் நம்பவில்லை. "ஜன்னத்தா? போட்டி! இருபது வருசமா எனக்குத் தைக்கா. மிச்சத் துணி ஒரு விரல் அகலம் இருந்தாலும் சுருட்டித் திருப்பித் தருவா."

"நான் கண்ணால பாத்தேம்மா."

"கண்ணால பாத்த சரி. காதால கேட்டியா?"

வேல்விழி துண்டை எடுத்துக்கொண்டாள். குளிக்கப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் நடுவில் துறையில் இடைக்கால மதிப்பீடு. நாற்பது பேர் உட்கார்ந்த அரங்கம். திரையில் வடகரையின் எண்களைச் சிவப்புக் கோட்டால் அடித்துக் காட்டினாள். அடுத்த படத்தில் ஜன்னத்தின் ஜாடிப் போட்டோ ஒன்று. ஓரத்தில் வளையல் போட்ட அவள் கைகூடத் தெரிந்தது. "களத்தில் நாம் நம்பும் ஆட்கள்" என்று தலைப்பு வைத்திருந்தாள். மக்கைச் சாய்ப்பதுபோல நடித்தும் காட்டினாள். அரங்கம் சிரித்தது. பெலிக்ஸ் சார் சிரிக்கவில்லை. "கருவியைச் சோதிச்சியா?" என்று கேட்டார். "பாத்தேன் சார், ஒழுகல் எதுவும் இல்லை" என்றாள். அது உண்மைதான். ஒழுகுகிறதா என்று மட்டும் பார்த்திருந்தாள்.

ஓண விடுமுறைக்கு ஊர் வந்தபோது மழைமானிகளைத் துறைக்குத் திருப்பித் தர வேண்டியிருந்தது. வடகரையிலிருந்து பிடுங்கி வந்ததையும் வீட்டு மாடியில் இருந்ததையும் கொல்லையில் போட்டுச் சோப்பு நுரையால் கழுவினாள். ஜாடியின் அடியில் படிந்திருந்த பாசியைத் தேய்த்தபோது, கண்ணாடியில் செதுக்கிய சின்ன எழுத்துத் தெரிந்தது. நூறு சதுர சென்டிமீட்டர். புனலின் விளிம்பைத் துடைத்துப் பார்த்தாள். இருநூறு.

இரண்டையும் மறுபடி துடைத்து, மறுபடி படித்தாள். பிறகு அம்மாவின் ஜாடியை எடுத்தாள். இருநூறு. அம்மாவின் புனலில் நூறு.

விஷயம் சின்னது. வாய் அகலமான புனல் இரண்டு மடங்கு தண்ணீர் பிடிக்கும். அதற்கென்று கோடு போட்ட ஜாடி தனியாக உண்டு. புனலும் ஜாடியும் ஜோடியாகத்தான் இருக்க வேண்டும். மே மாதத்தில், ஆட்டோக்காரர் "இன்னும் எத்தனை ஊரும்மா?" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்த அவசரத்தில், பையில் கைவிட்டு அகப்பட்ட ஜாடியை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். வடகரையில் பத்து மில்லிமீட்டர் பெய்தால் ஜாடி இருபது காட்டும். மேலகரத்தில் பத்து பெய்தால் ஐந்து காட்டும். ஒன்று இரட்டிப்பு, ஒன்று பாதி. ஜன்னத் காட்டிய எண்களைப் பாதியாக்கி, அம்மா காட்டியதை இரட்டிப்பாக்கிக் காகிதத்தில் போட்டுப் பார்த்தாள். சாரல் கணவாயிலிருந்து கிழக்கே படிப்படியாகக் குறைந்தது. பாடப்புத்தகத்தில் வரைந்ததுபோல அழகான கோடு.

அந்தக் கோட்டைப் பார்த்து அவளுக்கு முதலில் வந்தது மகிழ்ச்சி. இதைத்தான் பின்னால் நினைத்து நினைத்துக் கூசினாள். ஆய்வு பிழைத்துக்கொண்டது என்று மனசு துள்ளியது. அதற்குப் பிறகுதான் மாடிப்படியில் பாதியில் நின்ற ஜன்னத்தின் முகம் வந்தது.

மூன்று நாள் ஒருவரிடமும் சொல்லவில்லை. நான்காம் நாள் பெலிக்ஸ் சாருக்கு, 'தரப் பரிசோதனைக்குப் பிறகு திருத்திய அளவுகள்' என்று தலைப்பிட்டு எண்களை அனுப்பினாள். யார் தப்பு, எப்படித் தப்பு என்று ஒரு வரியும் எழுதவில்லை. அரை மணி நேரத்தில் பதில் வந்தது: 'மிக நல்ல வேலை. வடகரைதான் இனி உன் முக்கியமான நிலையம். அங்கே மழை தொடங்கிய நேரம், நின்ற நேரம் எழுதிய நோட்டு இருக்குமே, அதை வாங்கி வா.'

பாராட்டைப் படிக்கப் படிக்கக் காது மடல் சுட்டது. நோட்டு ஜன்னத்திடம் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை போனாள். வாசலில் நின்று, "அக்கா" என்றாள். மிஷின் ஓடும் சத்தம் நின்றது. ஜன்னத் எட்டிப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் வேல்விழிக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். மூக்கில் ஒரு புதுக் கண்ணாடி இருந்தது.

"வா. வெளிய நிக்காத."

"நோட்டு ஒண்ணு..."

"இங்கனதான் இருக்கு." மிஷின் மேசையின் இழுப்பறையைத் திறந்து நோட்டை எடுத்து நீட்டினாள். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. வேல்விழி நின்றபடியே பிரித்தாள். தேதி, மழை பிடித்த நேரம், விட்ட நேரம், ஜாடி அளவு. ஜூலை ஒன்பதிலிருந்து ஐந்தாவதாக ஒரு கட்டம் கூடியிருந்தது. தலைப்பு: 'டின்'. ஜாடி இருபத்திரண்டு, டின் பதினொன்று. ஜாடி எட்டு, டின் நாலு. ஜாடி பதினைந்து, டின் ஏழரை. கடைசி நாள், அந்த நாள்: ஜாடி முப்பத்திரண்டு, டின் பதினாறு. அதற்குக் கீழே, 'இன்னொரு தடவை அளக்கணும்' என்று எழுதியிருந்தது.

"இது என்னக்கா, டின்?"

"அவரு கொண்டுவந்த பால்பவுடர் டின்னு. மேலயும் கீழயும் ஒரே அகலம்லா? அதுல மழை விழுந்தா டேப்பை விட்டுப் பாத்தாலே எத்தனை மில்லின்னு தெரிஞ்சிருமே. சும்மா வச்சுப் பாத்தேன். ஜாடி எப்பவும் ரெட்டிப்பாக் காட்டுது. எனக்குத்தான் கண்ணுல கோளாறுன்னு நெனச்சேன். கண் முகாமுக்குப் போயி, இந்தக் கண்ணாடியும் போட்டாச்சு. போட்டப்ப அளந்து பாக்க ஜாடி இல்ல."

"அன்னைக்கு நீங்க ஊத்துனது..."

"ஜாடி ஒரு தடவைக்கு இருபதுதானே கொள்ளும்? மழை விட்டுட்டேன்னு எட்டரைக்கு முன்னாடியே மொத இருபதை அளந்து மக்குல ஊத்தி வச்சேன். அப்புறம் ஒரு பன்னெண்டு. முப்பத்திரண்டு வருது, டின்னு பதினாறு சொல்லுது. சரி, எல்லாத்தையும் திருப்பி ஊத்தி மறுபடி அளப்போம்னு ஊத்துனேன். அப்ப நீ வந்துட்ட."

வேல்விழி நோட்டை மூடினாள். "ஜூலையிலயே தெரிஞ்சிருக்கே அக்கா. குரூப்புல ஒரு வார்த்தை போட்டிருக்கலாம்லா?"

ஜன்னத் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். "நாலு பேரு பாக்கிற எடத்துல, உன் மிசின் தப்புன்னு எப்படிப் போடதுக்கு? படிக்கிற புள்ள. உங்க வாத்தியாரு அதுல இருந்தாருன்னா உனக்குத்தானே அசிங்கம்? ஆடிக்கு உங்க அம்மாகூட வருவேல்லா, காதோட சொல்லலாம்னு வச்சிருந்தேன். அன்னைக்கும் அதான் கீழ வான்னு கூப்பிட்டேன்."

வேல்விழி சொன்னாள். ஜாடியை மாற்றிக் கொடுத்தது, எழுத்தைப் பார்த்தது, பார்த்தும் மூன்று நாள் மறைத்தது, சாருக்குப் பொய்யாக எழுதியது, அரங்கத்தில் மக்கைச் சாய்த்து நடித்துக் காட்டியது. கடைசியைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று நாக்கு தயங்கியது. சொல்லிவிட்டாள்.

ஜன்னத் மடியிலிருந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்தாள். பிறகு, "அப்போ என் கண்ணு சரியாத்தான் இருக்கு" என்றாள். சற்றுக் கழித்துத் தொடர்ந்தாள்: "அன்னைக்கு ஜாக்கெட்டுக்கு வந்தாளே, அவ அடுத்த வாரம் மிச்சத் துணியை இங்கனயே விரிச்சுப் போட்டு முழம் போட்டுப் பாத்தா. என் முன்னாலயே. தண்ணிய கூட்டிக் காட்டுதவ துணியைக் குறைச்சுக் காட்ட மாட்டாளான்னு வெளிய பேசுதாவளாம். மூணு வீட்டுக்காரி வாரதில்ல. அளக்கிறவளுக்குப் பேருதானே புள்ள எல்லாம்? வேற என்ன இருக்கு எனக்கு?"

வேல்விழி அங்கேயே நின்று பெலிக்ஸ் சாருக்குப் போன் போட்டாள். ஜன்னத் கேட்கும்படி பேசினாள். "சார், அது தரப் பரிசோதனை இல்லை சார். நான் ஜாடியை மாத்திக் கொடுத்துட்டேன். அந்த அக்கா எதுவும் செய்யல. அவங்க டின் வச்சுத் தப்பைக் கண்டுபிடிச்சிருக்காங்க, எனக்கு முன்னாலயே."

"நீ காட்டுன அந்தப் படம்?"

"தப்பு சார்."

"அதே அரங்கம், அதே நாற்பது பேர். நவம்பர் மதிப்பீட்டுல முதல் படமா இது வரணும். தலைப்பு நீயே வை."

"சரி சார்."

அடுத்துக் குழுவில் எழுதினாள். 'வடகரை அளவுகள் அனைத்தும் உண்மை. தவறு என்னுடையது. ஜாடியை மாற்றிக் கொடுத்தவள் நான். ஜன்னத் அக்காவிடம் மன்னிப்புக் கேட்கிறேன். முன்பு அனுப்பிய செய்தி போன இடமெல்லாம் இதையும் அனுப்புங்கள்.' குற்றாலீஸ்வரன், 'ஓகேம்மா' என்றார். பாண்டிராஜ் ஒரு கட்டைவிரலை அனுப்பினார். அவருக்குப் போன் போட்டாள்.

"அண்ணாச்சி, அந்த மெசேஜை உங்க ஆர்மி குரூப்புக்கு அனுப்புனீங்கள்லா? இதையும் அனுப்புங்க."

"எதை அனுப்பினேன்? தினமும் நூறு அனுப்புதேன், ஞாபகம் இல்லையேம்மா. சரி, அனுப்புதேன், அனுப்புதேன்."

ஜன்னத் உதட்டைச் சுழித்தாள். "அது போன வேகத்துக்கு இது போகாது. இதுல என்ன இருக்கு ஒருத்தருக்கொருத்தர் அனுப்ப? ஒருத்தி களவாண்டான்னா சேதி. ஒருத்தி களவாளலேன்னா என்ன சேதி?"

"அப்போ நான் என்ன செய்யட்டும் அக்கா? தெருத்தெருவாப் போய்ச் சொல்லட்டுமா?"

"தெருவை விடு, நான் பாத்துக்கிடுதேன். மொத அவருகிட்ட சொல்லு."

சலீம் தங்கியிருக்கும் அறையில் வடகரைக்காரர்கள் நாலு பேர். அந்தச் செய்தி அவர்கள் போனுக்கும் போயிருந்தது. 'சலீம், உங்க ஊட்டுல மழையையே உண்டாக்குதாகளாமே, இந்தப் பாலைவனத்துக்கும் கொஞ்சம் அனுப்பச் சொல்லேன்' என்று தினமும் கேலி. அன்றைக்கு அவர் ஜன்னத்திடம் கத்தியதுதான். அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேலாகப் பேசவில்லை. பிள்ளைகளிடம் மட்டும் பேசுகிறார்.

ஜன்னத் வீடியோ அழைப்பைப் போட்டு, போனை வேல்விழியின் கையில் திணித்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

திரையில் சலீமின் முகம் வந்தது. விடுமுறை நாள், பனியனோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பின்னால் ஒருவர் ஷேவ் செய்துகொண்டிருந்தார், இன்னொருவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். முகம் தெரியாத பெண்ணைப் பார்த்ததும் சலீம் அவசரமாகத் துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

"யாரும்மா?"

"நான் வேல்விழி. மேலகரம். அந்த மழை... அந்த மெசேஜ் போட்டது நான்தான்."

சலீமின் முகம் இறுகியது. பின்னால் வெங்காயம் நறுக்கிய கத்தி நின்றது. "அந்தப் புள்ளையா?" என்று யாரோ கேட்டார்கள்.

"அக்கா ஒரு தப்பும் செய்யல அண்ணே. ஜாடியை நான்தான் மாத்திக் கொடுத்தேன். அவங்க அளந்தது எல்லாம் சரி. நான் விசாரிக்காமப் பேசிட்டேன். கூட இருக்கவங்களும் கேளுங்க. தப்பு என்னோடது." எழுதிவைத்துப் படிப்பதுபோல ஒரே மூச்சில் சொன்னாள். நிறுத்தியதும் என்ன செய்வதென்று தெரியவில்லை. வெங்காயம் நறுக்கியவர் கேமராவுக்குள் தலையை நீட்டி அவளைப் பார்த்துவிட்டு, மெல்ல விலகிக்கொண்டார்.

சலீம் தலையைக் குனிந்துகொண்டார். "முப்பத்தஞ்சு நாளு" என்றார். அவளிடம் சொன்னதுபோல இல்லை. "என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேக்கல நானும்." பிறகு நிமிர்ந்து, "அவ இருக்காளா பக்கத்துல? குடும்மா" என்றார்.

வேல்விழி போனை ஏந்திக்கொண்டு அடுப்படி வாசலுக்குப் போனாள். "அக்கா, அண்ணன் கேக்காங்க."

ஜன்னத் திரும்பவில்லை. குழம்புச் சட்டிக்குள் கரண்டி போகும் சத்தம் மட்டும் கேட்டது. "மீன் ஆனத்தை இறக்கணும். இப்ப வர முடியாதுன்னு சொல்லு."

"லைன்லதான் இருக்காங்க..."

"நீயே சொல்லு. நாந்தான் முப்பத்தஞ்சு நாளா இருக்கேனே. அவரு கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

வேல்விழி திரையைப் பார்த்தாள். சலீமுக்கு எல்லாம் கேட்டிருந்தது. கேட்காததுபோல முகத்தை வைத்துக்கொண்டு அவள் சொல்லட்டும் என்று காத்திருந்தார்.

"அக்கா... அடுப்புல வேலையா இருக்காங்க அண்ணே."

"சரிம்மா" என்றார். போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. இரண்டு பேரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்காமல், போனுக்குள் வேறெங்கோ பார்த்தபடி, ஜன்னத் அடுப்பை அணைப்பதற்காகக் காத்திருந்தார்கள்.